ராகுகாலத்தில் வேப்பெண்ணெய்

நம் வயதுக்காரர்கள் இப்போது சந்தித்துக்கொண்டால் முதலில் முழங்கால்களைப் பற்றிப் பேசுகிறோம். அடுத்ததாகப் பூச்சாடிகளைப் பற்றி. பிள்ளைகள் திசைக்கொன்றாகப் போய்விட்டார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் பல்கனிகளில் நம் சொல்லைக் கேட்டு இருப்பவை இந்த ஏழெட்டுச் சாடிகள் மட்டுமே. அவையும் முழுதாகக் கேட்பதில்லை என்பதைச் சென்ற கிழமை என் பள்ளித் தோழி அனுப்பிய படம் காட்டியது. அவளுடைய அந்தூரியத்தின் இலைக்கடியில், பஞ்சைப் பிய்த்து ஒட்டியதுபோல மாவுப்பூச்சி. "உன்ர அம்மா என்னவோ கலந்து அடிக்கிறவ எல்லே? அளவையும் நேரத்தையும் அனுப்பு" என்று எழுதியிருந்தாள்.

அளவை உடனே அனுப்பிவிட்டேன். ஒரு பெரிய போத்தல் இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சீவிய சவர்க்காரம் கொஞ்சம். முதலில் சவர்க்காரத்தைத் தண்ணீரில் கரைத்து, பிறகே எண்ணெயை விட்டு, பால்போல வரும்வரை குலுக்கவேண்டும். ஓர் இலையில் அடித்துப் பார்த்து, ஒரு நாள் பொறுத்து, இலை வாடாவிட்டால் மற்ற இலைகளுக்கும் அடிக்கலாம். நேரத்தை மட்டும் நான் அனுப்பவில்லை. அதை ஒரு வரியில் எழுதினால் அவள் என்னைப் பைத்தியக்காரி என்பாள். நேரத்தைச் சொல்வதென்றால், எனக்கு ஒன்பது வயதான அந்த மார்கழியையும் தையையும் சொல்லவேண்டும்.

நாங்கள் அப்போதுதான் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்திருந்தோம். கொட்டாஞ்சேனையில் ஒரு சலூனின் மேல்மாடி எங்கள் வீடு. ஒரு காதில் தேவாலய மணி, மறு காதில் கோயில் மணி, இரண்டுக்கும் நடுவே கீழிருந்து ஏறிவரும் கத்தரிக்கோலின் சத்தம். எனக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. என் நெஞ்சுக்குத்தான் தெரிந்தது. துறைமுகப் பண்டகசாலைகளின் தூசும் லொறிப் புகையும் சேர்ந்து எனக்கு இழுப்பு வந்தது. கிழமைக்கு மூன்று நாள் தலையணைகளை அடுக்கி, அவற்றில் சாய்ந்தபடியேதான் நித்திரை. கடற்காற்றுள்ள பக்கம் போய்ப் பாருங்கள் என்று வைத்தியர் சொன்னதிலிருந்து எட்டு மாதம் அப்பாவும் அம்மாவும் வீடு தேடினார்கள். குழந்தை இருக்கிறதா, எத்தனை பேர் வந்துபோவார்கள், கருவாடு பொரிப்பீர்களா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். கடைசியில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு பெரிய வீட்டின் பக்கவாட்டிலிருந்த இரண்டு அறைகள் கிடைத்தன.

புறப்படும் நாளன்று சலூன்காரர் மேலே ஏறிவந்து அம்மாவிடம் ஒரு பொருளைத் தந்தார். தண்ணீர் விசிறும் உலோகக் குப்பி அது. பித்தளை மூக்கு, விரலால் அழுத்தும் சிறு கைப்பிடி, வயிற்றில் இரண்டு நெளிவு. "பூவுக்குத் தண்ணி அடிக்கலாம்மா, எடுத்துட்டுப் போங்க. எத்தன பேரு தலைய பாத்திருக்கு இது! செடிக்கெல்லாம் பயப்படாது" என்றார். மலைநாட்டிலிருந்து இளம் வயதில் கொழும்புக்கு வந்தவர்; அவர் பேச்சில் கடைசிவரை அந்த ஊர் இருந்தது. குப்பியும் எங்கள் பன்னிரண்டு சாடிகளும் லொறியின் முன்னிருக்கையில் என்னோடு வந்தன. கறிவேப்பிலை, இரம்பை, துளசி, கற்பூரவள்ளி, இரண்டு பொன்னாங்காணி. மற்றவற்றின் பெயர்கள் மறந்துபோயின.

புதிய வீட்டில் முதல் கிழமையே நான் ஒரு தலையணையில் தட்டையாகப் படுத்து விடியும்வரை உறங்கினேன். காலையில் அம்மா என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டதும், ஒன்றும் கேட்காததால் சிரித்ததும் நினைவிருக்கின்றன.

வீட்டுக்கார அம்மா உயரமானவர். கொண்டையை இறுக்கி முடிந்து, இடுப்பில் சாவிக்கொத்தோடு நடப்பார். சனிக்கிழமை பின்னேரங்களில் முன்விறாந்தையில் பிள்ளைகளுக்குப் பண்ணிசை சொல்லிக்கொடுப்பார். அதே விறாந்தையின் ஓரத்தில், எங்கள் யன்னலுக்கு நேர் கீழே, அவருடைய அந்தூரியங்கள் வரிசையாக நின்றன. மெழுகில் வார்த்தது போன்ற சிவப்பு. அந்தச் சிவப்பை நாங்கள் தொடக்கூடாது, பார்க்கலாம். தை கடைசியில் அவர் மகளுக்கு அந்த வீட்டிலேயே கலியாணம். மகள் லண்டனிலிருந்து வருவாள். மணவறையின் இரு பக்கமும் தன் அந்தூரியங்கள்தான் நிற்கவேண்டும் என்று அவர் எப்போதோ முடிவெடுத்திருந்தார்.

மார்கழி பிறந்து சில நாட்களில் அந்தூரியத் தண்டுகளில் வெள்ளை கண்டது. அடுத்த கிழமை இலைகளில் பிசுபிசுப்பு. அதன்மேல் கரி பூசியதுபோலக் கறுப்பு. அதில் ஊரும் எறும்புகள். வீட்டுக்கார அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, நீர் வரமுந்தி இந்த வீட்டில பூச்சியெண்டு ஒண்டு இருக்கேல்ல."

"எங்கட சாடியளில நான் ஒண்டையும் காணேல்லையே, அன்ரி."

"காணாட்டில்? கொட்டாஞ்சேனைச் சீதனம் நல்லாத்தான் இருக்கு." பிறகு, குரலை உயர்த்தாமலே, "கலியாணத்துக்கிடையில இது போகோணும். போகாட்டில் தை முடிய நீங்கள் வேற இடம் பாருங்கோ. நான் கோவத்தில சொல்லேல்ல" என்றார். உண்மையாகவே அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை அப்பா ஒரு தகர ரின்னோடு வந்தார். அவர் கொழும்புக் கோட்டையில், பூச்சிமருந்து இறக்குமதி செய்யும் ஒரு கந்தோரில் தமிழ்த் தட்டெழுத்தாளர். வெளிநாட்டிலிருந்து வரும் ரின்களுக்கான தமிழ்க் குறிப்புகளை அவர்தான் தட்டச்சு செய்வார். அந்த ரின்களைப் பற்றி அவருக்குப் பெருமை. புதியது வந்தால் மேசையில் வைத்து, தான் அடித்த வரிகளை எங்களுக்கு வாசித்தும் காட்டுவார்.

"ஒரே அடி. மூண்டு நாளில ஒண்டும் மிஞ்சாது" என்றார் அப்பா.

அம்மா ரின்னை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வேண்டாமப்பா."

"ஏன்? எங்கட கொம்பனிச் சாமான்."

"இதில எழுதியிருக்கிறதை நீங்கள்தானே ரைப் அடிச்சனீங்கள்? புகையைச் சுவாசிக்கப்படாது, பிள்ளையளுக்குத் தூரத்தில வைக்கோணும், அடிச்ச இடத்தில நிக்கப்படாது எண்டு?"

"ஓம், அது எல்லாத்திலயும் போடுறதுதானே."

"நீங்கள் அடிச்சனீங்கள். நான் வாசிச்சனான். உந்த யன்னலுக்குக் கீழ அடிச்சால் இவள் எங்க போய் மூச்சு விடுறது?"

ரின் அலுமாரியின் மேல் ஏறியது. நாங்கள் வேறு வீடு பார்க்க நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து அங்கே ஏறி உட்கார்ந்துகொண்டதாக எனக்குத் தோன்றியது. கட்டிலில் படுத்தால் அந்த ரின்னின் வட்ட அடிதான் கண்ணில் படும்.

அம்மாவுக்கு வேப்பெண்ணெயின் நினைவு எங்கிருந்து வந்தது என்று நான் அறியேன். தபாற்கந்தோரில் வேலை முடிந்ததும் செட்டியார் தெருவுக்குப் போய், நாட்டுமருந்துக் கடையில் ஒரு சிறு போத்தல் வாங்கிவந்தார். மூடியைத் திறந்ததும் உள்ளியும் பழைய வேர்க்கடலையும் கசப்பும் கலந்த ஒரு வாசனை வீடெங்கும் நின்றது. அதை நாற்றம் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. எனக்கு அது வாசனை.

வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டபோது அவர் சம்மதித்தார். ஆனால் பஞ்சாங்கத்தை எடுத்தார். பூச்சிக்கு மருந்தடிப்பதும் ஒரு காரியம், காரியத்தை நல்ல நேரத்தில்தான் தொடங்கவேண்டும் என்பது அவர் கருத்து. வெள்ளிக்கிழமை உயிர்க்கொலை கூடாது. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைவரை ராகுகாலம். ஆகவே சனிக்கிழமை பதினொரு மணி என்று குறித்தார். சாடிகளையெல்லாம் முற்றத்துக்கு இறக்கச் சொன்னார். அம்மா தண்ணீரில் எண்ணெயை விட்டு, குப்பியைக் குலுக்கி, நல்ல நேரம் தொடங்கிய நிமிடத்தில் அடிக்கத் தொடங்கினார். குப்பியிலிருந்து ஒருமுறை வெறும் தண்ணீர் வந்தது. மறுமுறை வெறும் எண்ணெய். பித்தளை மூக்கு இரண்டு தடவை அடைத்தது.

"வெயிலில கிடக்கட்டும். இலையும் காயும், பூச்சியும் காயும்" என்றார் வீட்டுக்கார அம்மா.

பின்னேரம் பண்ணிசைப் பிள்ளைகள் வந்தபோது, அந்தூரிய இலைகளில் எண்ணெய் நின்ற இடமெல்லாம் அயன்பெட்டி பட்ட துணிபோலப் பழுப்பாகியிருந்தது. எறும்புகள் இலைக்கடியில் முன்போலவே வேலையிலிருந்தன. வீட்டுக்கார அம்மா ஓர் இலையைக் கையில் எடுத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உங்கட அவரின்ர கந்தோரில மருந்து இருக்காமே?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கு இன்னும் கொஞ்ச நாள் தாங்கோ, அன்ரி."

"பொங்கலுக்குப் பிறகு நான் உம்மைக் கேக்கமாட்டன். அவரைத்தான் கேப்பன்."

மறுநாள் ஞாயிறு. அம்மா குப்பியைத் துணிப்பையில் போட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினார். மூக்கு அடைத்துக்கொண்டதால் திருத்தத்தான் போனோம். சலூன்காரர் ஒரு பெரியவரின் தலையில் வேலையாக இருந்தார். கத்தரியை நிறுத்தாமலே முழுக் கதையையும் கேட்டார்.

"வெறும் எண்ணெயும் தண்ணியுமா? ரெண்டும் எப்படிம்மா சேரும்? எண்ணெய்த் தலையோட ஆளு வந்தா நான் தண்ணிய மட்டும் ஊத்தி என்ன பண்ணுவேன்? சோப்பு போட்டாத்தானே எண்ணெய் தண்ணியோட வரும்!"

அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அப்புறம் உச்சி வெயில்ல அடிச்சிருக்கீங்க. தல நெறய எண்ணெய வச்சுக்கிட்டு நடு ரோட்டுல பன்னெண்டு மணிக்கு நீங்க நிப்பீங்களா? செடி மட்டும் நிக்கணுமாக்கும்!"

கண்ணாடியில் தெரிந்த அந்தப் பெரியவர், "என் தலைய முடிச்சிட்டுச் செடியப் பாருப்பா" என்றார். அம்மா அந்த மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். இந்த உலகில் யாருக்கு எது தெரியும் என்பதை ஆட்களின் உத்தியோகத்தைக் கொண்டு நான் முடிவுகட்டாமல் இருப்பதற்கு அந்தச் சலூன் நாற்காலிதான் காரணம்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார். வெயில் சாய்ந்த பிறகுதான் அடிக்கவேண்டும். வாரநாட்களில் அவர் வேலையால் வரும்போது இருட்டிவிடும். சனிக்கிழமை பின்னேரம் விறாந்தையில் பண்ணிசை. மிஞ்சியது ஞாயிறு பின்னேரம், நாலரைக்கும் ஆறுக்கும் இடையில். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறுவரை ராகுகாலம் என்பது கொழும்பில் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

"அந்த நேரம் அன்ரி வீட்டில நிக்கமாட்டா. கோயிலுக்குப் போயிடுவா" என்றார் அம்மா, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

அது உண்மை. ஞாயிறுதோறும் நாலு மணிக்கே வீட்டுக்கார அம்மா எலுமிச்சை விளக்குகளோடு புறப்பட்டு, துர்க்கையின் முன் ராகுகாலம் முடியும்வரை இருப்பார். கெட்டவை ஒழிய அவர் அங்கே விளக்கேற்றிய அதே ஒன்றரை மணி நேரத்தில்தான் அம்மா இங்கே குப்பியைக் கையிலெடுத்தார்.

சோதனையாக ஓர் இலை. மறுநாள் அது பச்சையாகவே இருந்தது. அதன்பின் வந்த ஞாயிறுகள் என் மனத்தில் ஒரே ஞாயிறாகத்தான் இருக்கின்றன. அப்பாவின் பழைய வேட்டித் துண்டைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, அம்மா ஒவ்வோர் இலையையும், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் துடைப்பதுபோல, மேலும் கீழும் துடைப்பார். தண்டின் கவட்டில் ஒளிந்திருப்பவற்றை ஈர்க்குத் துண்டில் சுற்றிய பஞ்சால் எடுப்பார். அதன்பிறகுதான் குப்பி. இலைகளைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்துக்கே முதலில் அடிப்பார். வேப்பம்பால் தூறலாக இறங்கும், கடற்கரைத் தண்டவாளத்தில் நாலே முக்கால் ரயில் போகும், சாடிகள் அதிரும். நான் சாடிகளின் கீழ் பால்மா ரின் மூடிகளை வைத்துச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றுவேன், எறும்பு ஏறாதபடிக்கு. ஒரு ஞாயிறு முடித்த கையோடு மழை கொட்டி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போனது. அம்மா மழையையும் இலைகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சரி, வாற ஞாயிறு" என்றார். முட்டையிலிருந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். ஆகவே நாமும் வந்துகொண்டே இருக்கவேண்டும் என்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். அப்பாவின் ரின்னைப் போல மூன்று நாளில் எதையும் முடித்துவிடும் ஆசை அவருக்கு இருக்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு என்று நினைக்கிறேன், எறும்புகள் எங்கிருந்து வருகின்றன என்று பார்க்க அவற்றின் வரிசையோடு நானும் நடந்தேன். எங்கள் சாடிகளுக்கு அது போகவேயில்லை. மதிலோரமாக ஊர்ந்து, வாசற் படலையடியில் நின்ற செவ்வரத்தைக்குப் போனது. செவ்வரத்தையின் உட்கிளைகள் முழுவதும் வெள்ளை. பழைய வெள்ளை; பல மாதத்துப் படை. வீட்டுக்கார அம்மா ஒவ்வொரு காலையும் சாமிக்குப் பூப்பறிக்கும் மரம் அது. அந்தக் கையோடுதான் அவர் அந்தூரியங்களையும் தடவிக்கொடுப்பார்.

நான் ஓடிவந்தேன். "அம்மா, எங்கட சாடியில்ல! அவவின்ர செவ்வரத்தையிலயிருந்துதான் வந்தது!"

"தெரியும்" என்றார் அம்மா.

"எப்ப தெரியும்?"

"போன கிழமை."

"அப்ப ஏன் சொல்லேல்ல? எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்னவ!"

அம்மா குப்பியை என் கையில் தந்துவிட்டு, செவ்வரத்தையின் கிளை ஒன்றை வளைத்துப் பிடித்தார். "சொன்னால் பூச்சி போயிடுமோ? இஞ்ச பிடி. இதுக்கும் அடிப்பம்."

அன்று அம்மாமேல் எனக்கு வந்த கோபத்தை இன்றும் நினைவுகூர முடிகிறது. அவர் பயந்தவர் என்று நினைத்தேன். வீடில்லாதவர்கள் நியாயம் பேசுவதில்லை என்று என் ஒன்பது வயது மூளைக்குத் தெரிந்த வகையில் தீர்ப்பெழுதினேன். தன் கையாலேயே சாமிக்கும் செடிக்கும் நடுவே பூச்சியைச் சுமந்த ஒருவருக்கு, மகளின் கலியாண மாதத்தில் அதைச் சொல்வது எப்படிப்பட்ட செயல் என்று எண்ணிப்பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

பொங்கல் வந்து போனது. வீட்டுக்கார அம்மா அப்பாவைக் கேட்கவில்லை. அப்பா இரண்டு முறை, கேட்கப்படுவதற்கு வசதியாக, விறாந்தைப் பக்கம் நடந்துவிட்டு வந்தார். அந்தூரியங்களில் கருகிய இலைகளை வெட்டிய இடங்களிலிருந்து சுருட்டிய பச்சைக் குழல்களாகப் புதிய இலைகள் வந்தன. கலியாணத்துக்கு முதல்நாள் அவற்றை மணவறையருகே தூக்கிக்கொண்டு போனார்கள். நான் குனிந்து இலைகளின் அடியைப் பார்த்தேன். வெறும் நரம்புகள். மணவறை முழுக்கப் பூ வாசனை. அந்தூரியங்களுக்குக் கிட்டப் போனால் மட்டும் மெல்லிய கசப்பு. அதை என்னையும் அம்மாவையும் தவிர யாரும் அறியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கூறைச்சேலை பார்க்கும் பெண்களோடு கூடத்தில் நின்றார்; அவர் கண் மட்டும் சாடிகளில் இருந்தது.

ஆனால் வீட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தை முடிய இன்னும் சில நாட்கள். அப்பா பழைய அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார், எதற்கும் இருக்கட்டும் என்று.

மகளும் மருமகனும் விமானமேறிய பிறகு வந்த ஞாயிறு. நாலு மணியாயிற்று, வீட்டுக்கார அம்மா கோயிலுக்குப் புறப்படவில்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா குப்பியை நிறைத்துவிட்டு, எங்கள் கதவுக்குப் பின்னால் காத்து நின்றார். நாலரை அடித்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தோம். அம்மா குப்பியைக் கீழே வைத்தார்.

வெளியிலிருந்து குரல் வந்தது. "தங்கச்சி! ராகுகாலம் தொடங்கி அஞ்சு நிமிசமாச்சு. இண்டைக்கு அடிக்கேல்லையோ?"

அம்மா கதவைத் திறந்தார். "அன்ரி... உங்களுக்கு..."

"கோயிலால வந்தால் படலையிலயே வேப்பெண்ணெய் மணக்கும். எனக்கு மூக்கு இல்லையெண்டு நினைச்சனீரோ? துர்க்கை அம்மனிட்டச் சொன்னனான், நீதான் பாத்துக்கொள்ளோணும், இந்தத் தாயையும் பிள்ளையையும் எண்டு." அவர் எழுந்து, சாவிக்கொத்து குலுங்கப் படியிறங்கினார். அந்தூரியங்களைக் கடந்து நேரே படலைக்கு நடந்தார். பின்னால் திரும்பாமலே சொன்னார்: "முதல்ல செவ்வரத்தைக்கு அடியும். அங்கயிருந்துதானே வந்தது."

அம்மா குப்பியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தார். நானும் ஓடினேன்; பேசுவதற்காகக் காத்திருந்த வார்த்தைகளெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. வீட்டுக்கார அம்மா செவ்வரத்தையின் கிளை ஒன்றை வளைத்து, இலைகளின் அடிப்பக்கம் மேலே வருமாறு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா குப்பியை அழுத்தினார். தூறல் அவர் கையிலும் விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

அந்த வீட்டில் நாங்கள் பதினான்கு வருடம் இருந்தோம். அட்டைப்பெட்டிகளில் அப்பா பழைய பத்திரிகைகளை அடுக்கினார். ரின் மூடி திறக்கப்படாமலே துருப்பிடித்து, ஒருநாள் கந்தோருக்குத் திரும்பிப் போனது. பித்தளை மூக்குக் குப்பியை எந்த வீடு மாற்றத்தில் தொலைத்தோம் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. என்னிடம் இப்போதிருப்பது பிளாஸ்டிக்.

ஆகவே தோழி, நீ கேட்ட நேரம் இது: ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்குப் பிறகு, ஆறுக்கு முன். உன் பக்கத்து வீட்டுக்காரி ராகுகாலம் என்று தடுத்தால், கிளையை வளைத்துப் பிடிக்கச் சொல்லி அவளையும் கூப்பிடு.